சிங்க்ல தண்ணி நிக்குதா? பிளம்பரைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியவை என்ன?

சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தால், சிங்க்கில் விட்ட தண்ணீர் இறங்க மறுக்கிறது. மேலே சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் மிதக்கின்றன. “போன வாரம்தானே குத்தி விட்டோம், அதுக்குள்ள அடைச்சுக்கிச்சா?” என்ற சலிப்பு பல வீடுகளில் கேட்கும். உடனே கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பாக்கெட் பவுடரோ, ஒரு பாட்டில் ஆசிடோ வாங்கி வந்து ஊற்றுவதும் வழக்கம். பெரும்பாலான அடைப்புகளுக்கு அது தேவையே இல்லை. சில நேரம் அதுவே ஆபத்து.

மணலி புதுநகர் போன்ற பகுதியில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. கொசஸ்தலை ஆறும் எண்ணூர் கழிமுகமும் பக்கத்தில் இருக்கும் தாழ்வான நிலம் இது. 2015, 2021, 2023 ஆண்டுகளின் மழைக்காலங்களில் இங்கே வெள்ளம் புகுந்ததை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் சிங்க்கில் தண்ணீர் நின்றால், கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

சிங்க் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

சிங்க்கின் அடியில் ஓட்டை போட்ட ஸ்டீல் வட்டு ஒன்று இருக்கும். அதைத் தாங்கியிருப்பது ‘வேஸ்ட் கப்ளிங்’. அதிலிருந்து கீழே இறங்குவது ‘வேஸ்ட் பைப்’. நம் வீடுகளில் இது பெரும்பாலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் பிளாஸ்டிக் குழாய். சில வீடுகளில் பாட்டில் போன்ற வடிவத்தில் ‘பாட்டில் டிராப்’ இருக்கும். அதற்குப் பிறகு தண்ணீர் சுவரில் உள்ள பிவிசி பைப்புக்கோ, தரையில் ஜாலி மூடியோடு இருக்கும் ‘நஹானி டிராப்’ எனும் கிண்ணத்துக்கோ போகும். அங்கிருந்து வீட்டுக்கு வெளியே சுவரோரம் இருக்கும் ‘கல்லி டிராப்’ என்ற சிறு தொட்டி. பிறகு சேம்பர். கடைசியில் தெருவின் பாதாளச் சாக்கடை, அல்லது செப்டிக் டேங்க்.

இந்த ‘டிராப்’ எல்லாவற்றுக்கும் ஒரே வேலைதான். குழாய் வளைந்து, அதில் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தங்கியிருக்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர். 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தயாரிப்பாளர் காப்புரிமை பெற்ற வளைகுழாய் யோசனையே இன்றுவரை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நாற்றத்தைத் தடுக்கும் அதே வளைவில்தான் கசடும் தங்குகிறது. அதனால் அடைப்பைத் தேட வேண்டிய முதல் இடம் அதுதான்.

அடைப்பது எது?

‘பெரிசா ஒண்ணும் போடலையே’ என்று தோன்றும். உண்மைதான், பெரிதாக எதுவும் விழுந்திருக்காது. சிறிது சிறிதாகச் சேர்ந்ததுதான் அடைக்கிறது.

முதல் காரணம் கொழுப்பு. கறிக்குழம்புச் சட்டியில் ஒட்டிய கொழுப்பு, நெய், வனஸ்பதி ஆகியவை சூடாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி ஓடும். குழாய்க்குள் ஆறியதும் சுவரில் படிந்துவிடும். கடலை எண்ணெய் போன்றவை உறையாவிட்டாலும், வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு மற்றதைப் பிடித்துவைக்கும்.

இரண்டாவது மாவுச்சத்து. வடிகஞ்சி ஆறினால் ஆடை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கிரைண்டர் கழுவிய மாவுத் தண்ணீரும் அப்படித்தான். குழாயின் அடிப்பகுதியில் பசை மாதிரி தங்கிவிடும்.

மூன்றாவது கரையாத துகள்கள். டீத்தூள், காபிப் பொடி, தேங்காய்ப்பூ, கறிவேப்பிலைக் காம்பு, மீன் செதில், பாத்திரம் தேய்க்கும் பவுடர், கம்பி நாரின் துண்டுகள் எல்லாம் கொழுப்புப் படலத்தில் ஒட்டி, கொஞ்ச நாளில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

நான்காவது உப்புத் தண்ணீர். மீஞ்சூர், மணலி வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் கலந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட விஷயம். போர் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்தால் கரையாத வெள்ளைக் கசடாக மாறும். பக்கெட்டின் ஓரத்தில் படியும் அதே கசடு குழாய்க்குள்ளும் படிகிறது.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

எதையும் ஊற்றுவதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

சிங்க்கில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, குளியலறையில் நன்றாகப் போகிறது என்றால் அடைப்பு சிங்க்குக்குக் கீழேயோ, சமையலறைக் குழாயிலோதான். இதை நீங்களே சரிசெய்துவிடலாம்.

சிங்க், குளியலறை இரண்டிலுமே தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்றால் வெளியே இருக்கும் கல்லி டிராப்பையோ சேம்பரையோ பாருங்கள்.

மாடி வீட்டில் தண்ணீர் விடும்போது உங்கள் சிங்க்கில் ‘கொளக் கொளக்’ என்று குமிழி வந்தால், பொதுக் குழாயில் அடைப்பு. கீழ்வீட்டுக்காரர் தனியாக எவ்வளவு குத்தினாலும் தீராது. மாடியில் இருப்பவர்களிடம், “அக்கா, கொஞ்ச நேரம் தண்ணி விடாதீங்க” என்று சொல்லிவிட்டு, எல்லோரும் சேர்ந்து ஆள் வைப்பதுதான் வழி.

மழை நாளில் மட்டும் இப்படி ஆகிறது என்றால் பெரும்பாலும் அது அடைப்பே அல்ல. சாக்கடைத் தண்ணீர் சரிவை நம்பித்தான் ஓடுகிறது. தெரு சேம்பரில் நீர்மட்டம் ஏறிவிட்டால் வீட்டுத் தண்ணீர் போக இடமில்லாமல் நிற்கும். தரைத்தள வீடுகளில் திரும்பியும் வரும். அப்போது உள்ளே குத்துவதோ பவுடர் போடுவதோ வீண்.

தேவையான பொருட்கள்

ரப்பர் கையுறை, பக்கெட், பழைய துணி, பழைய டூத் பிரஷ், ரப்பர் கிண்ணம் வைத்த பிளஞ்சர், டார்ச். முடிந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் வயர். சிங்க்குக்குக் கீழே ஆர்.ஓ. இயந்திரத்தின் பிளக் இருந்தால் கழற்றிவிடுங்கள். கேஸ் சிலிண்டர் இருந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டுச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

படி 1: வேஸ்ட் பைப்பைக் கழற்றிக் கழுவுங்கள்

பலர் கடைசியாகச் செய்யும் வேலை இது. முதலில் செய்தால் பாதி வீடுகளில் வேலை அதோடு முடிந்துவிடும்.

சிங்க்கில் நிற்கும் தண்ணீரை மக்கால் மொண்டு எடுத்துவிடுங்கள். கீழே பக்கெட்டை வையுங்கள். வேஸ்ட் பைப்பை கப்ளிங்கோடு இணைக்கும் பிளாஸ்டிக் நட்டைக் கையால் திருப்பினாலே கழலும். கீழிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்று குழம்பினால், பாட்டில் மூடியைத் திறக்கும் திசையை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் டிராப் என்றால் அடியில் இருக்கும் கிண்ணத்தைத் திருகினால் தனியே வரும்.

எடுத்த குழாயை வெளியே கொண்டுபோய்க் கழுவுங்கள். பக்கத்து சிங்க்கில் கழுவினால் அதே கசடு அங்கே போய் அடைக்கும். மடிப்புக் குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் கொழுப்பு இருக்கும், வளைத்து வளைத்துக் கழுவ வேண்டும். வெடிப்பு விட்டிருந்தாலோ, உள்ளே கறுத்து இறுகியிருந்தாலோ புதிதாக வாங்கிவிடலாம். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போனால் அளவு தவறாது.

மாட்டும்போது ரப்பர் வாஷர் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். குழாய் தேவைக்கு மேல் நீளமாக, தரையில் பாம்பு மாதிரி படுத்துக் கிடந்தால் அந்தத் தொய்வில் மறுபடியும் கசடு தங்கும். அளவாக வெட்டிச் சரிவாக இருக்கும்படி மாட்டுங்கள்.

படி 2: நஹானி டிராப்பைப் பாருங்கள்

தரையில் உள்ள ஜாலியைத் தூக்கினால் உள்ளே ஒரு கிண்ணம் இருக்கும். சில வீடுகளில் கவிழ்த்த மணி மாதிரி ஒரு மூடியும் இருக்கும். அதை எடுத்துவிட்டு, கையுறை போட்ட கையால் அடியில் இருக்கும் சேற்றை அள்ளி, பழைய பேப்பரில் வைத்துக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் விட்டு உள்ளே தள்ளிவிடாதீர்கள். வேலை முடிந்ததும் அந்த மூடியைத் திரும்ப வைக்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் வீட்டில் நாற்றம் வரும்.

படி 3: பிளஞ்சர்

குழாய் சுத்தம், அப்படியும் தண்ணீர் நிற்கிறது என்றால் அடைப்பு சுவருக்குள். சிங்க்கில் பிளஞ்சரின் ரப்பர் முழுதும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். தண்ணீர் சுருங்காது, அதனால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் நேராக அடைப்பைப் போய்ச் சேரும். தண்ணீர் இல்லாமல் அழுத்தினால் வெறும் சத்தம்தான்.

இரட்டை சிங்க் என்றால் மற்றதன் ஓட்டையை ஈரத்துணியால் இறுக்கி அடையுங்கள். ஓவர்ஃப்ளோ துளை இருந்தால் அதையும்தான். 15, 20 முறை வேகமாக அழுத்தி இழுத்துவிட்டு, சட்டென்று தூக்குங்கள். அழுத்துவதைவிட இழுப்பதுதான் அடைப்பை அசைக்கும். வேஸ்ட் பைப் நஹானி டிராப்புக்குள் சும்மா செருகப்பட்டிருந்தால் இந்த அழுத்தத்தில் வெளியே துள்ளி வரும். அங்கே ஒருவர் துணியால் பிடித்துக்கொள்வது நல்லது.

படி 4: ஸ்பிரிங் வயர்

அதற்கும் அசையவில்லை என்றால் வேஸ்ட் பைப்பைக் கழற்றிவிட்டு, சுவர்க் குழாய்க்குள் ஸ்பிரிங் வயரை நேரடியாக விடுங்கள். தடை தட்டுப்பட்டதும் முட்டித் தள்ளாமல், கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கசடு வயரில் சிக்கி வெளியே வர வேண்டும், உள்ளே போய் இறுகக் கூடாது. இரும்புக் கம்பியையோ ஜன்னல் கம்பியையோ வைத்துக் குத்துபவர்கள் உண்டு. அது பிவிசி வளைவை ஓட்டை போட்டுவிட்டால், அடைப்போடு சுவர்க் கசிவும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காலத்தில் மூங்கில் பிளாச்சு விடுவார்கள். நேரான குழாய்க்கு அது சரி, வளைவில் ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

படி 5: கடைசியாகத்தான் வெந்நீர்

தண்ணீர் இறங்க ஆரம்பித்த பிறகு, மிச்சமிருக்கும் வழவழப்பை எடுக்க வெந்நீர் உதவும். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். வீட்டில் இருக்கும் பிவிசி குழாய் சுமார் 60 டிகிரி வரைதான் தாங்கக்கூடியது. 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும், ஒட்டிய இணைப்பு விட்டுப்போகும். கொதித்த தண்ணீரோடு அதே அளவு குழாய்த் தண்ணீரைக் கலந்தால் 60, 65 டிகிரிக்கு வந்துவிடும். அதில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்த்து ஊற்றி, பின்னாலேயே நிறையத் தண்ணீர் விடுங்கள். அடைப்பு எடுபடாத நிலையில் வெந்நீர் ஊற்றினால் கொழுப்பு இளகி, இரண்டடி தள்ளிப் போய் அங்கே உறையும். ஸ்பிரிங் எட்டாத இடத்துக்கு அடைப்பை நாமே அனுப்பியதாக ஆகிவிடும்.

சோடா மாவும் வினிகரும் வேலை செய்யுமா?

வீடியோக்களில் நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ நடக்கிற மாதிரிதான் இருக்கும். சோடா மாவு காரம், வினிகர் அமிலம். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, கார்பன் டை ஆக்சைடு வாயுவும் தண்ணீரும் ஒரு வகை உப்பும்தான் மிஞ்சும். கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதில் இல்லை. குழாய் வாயில் இருக்கும் லேசான அழுக்கையும் வாடையையும் போக்கும், அவ்வளவுதான். கெடுதல் இல்லை, ஆனால் நின்ற தண்ணீரை இறக்காது.

பவுடரும் ஆசிடும்: இங்கேதான் உயிர் ஆபத்து

கடையில் விற்கும் டிரெயின் கிளீனர் பவுடரில் முக்கியமாக இருப்பது காஸ்டிக் சோடா. இது கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும். தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடாகும். லேசாக மெதுவாகப் போகும் குழாய்க்கு, பாக்கெட்டில் சொன்ன அளவில் பயன்படுத்தலாம். தண்ணீர் அறவே நிற்கும் சிங்க்கில் போட்டால், அது அடைப்பைத் தொடாமல் தேங்கிய தண்ணீரில் கலந்து, சிங்க் முழுக்கக் காரக் குளமாகிவிடும். பிறகு பிளஞ்சர் போட்டால் அந்தத் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். பவுடர் போட்ட பிறகு பிளம்பரைக் கூப்பிட நேர்ந்தால், “தம்பி, காலையில பவுடர் போட்டிருக்கேன், பார்த்துக் கை வைங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கண் போகாமல் இருக்க அந்த ஒரு வார்த்தை போதும்.

ஆசிடை சிங்க்கில் ஊற்றவே வேண்டாம். ஸ்டீலை அரித்துவிடும், கொழுப்பையும் கரைக்காது. காஸ்டிக் சோடா கிடக்கும் குழாயில் ஆசிட் ஊற்றினால் கொதித்து மேலே பீய்ச்சும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சிறிதாக இருக்கும் சமையலறையில் அது மூச்சை அடைத்து உயிரையே எடுக்கக்கூடியது. ‘இது கேக்கலை, அதையும் ஊத்திப் பார்ப்போம்’ என்ற எண்ணமே கூடாது.

கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, போன வழியையே திரும்பவும் புண்ணாக்கும். உடனே 108-ஐ அழையுங்கள். மீந்த பவுடரையோ ஆசிடையோ தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள்.

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் இன்னொரு பிரச்சினை உண்டு. டேங்க்கில் கழிவை மக்கவைப்பவை பாக்டீரியாக்கள். அடிக்கடி காஸ்டிக் சோடா போனால் அவை செத்து, டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

சேம்பர் வரை வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்

வாசலில் இருக்கும் கல்லி டிராப்பைக் கையுறை போட்டு வாரலாம். அதற்கு மேல், தெரு மேன்ஹோலோ செப்டிக் டேங்க்கோ என்றால் நீங்களும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, கொஞ்சம் அதிகமானாலே வாசனை தெரியாதபடி மூக்கை மரக்கச் செய்து, சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் இப்படித்தான் சாகிறார்.

‘ஒரு ஐந்நூறு ரூபாய் கொடுத்தா ஒருத்தர் இறங்கி எடுத்துடுவாரு’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனிதர்களைக் கொண்டு ஆபத்தான முறையில் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் சுத்தம் செய்வதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. வேலை கொடுத்தவருக்குச் சிறைத் தண்டனை உண்டு, வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் ரூபாய் என்று வைத்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் இந்தச் சாவுகள் நிற்கவில்லை. இப்படி உயிரிழப்புகள் அதிகம் பதிவான மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால் இருக்கிறது.

தெருவில் கழிவுநீர் பொங்கினால் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 அல்லது 044-4567 4567 எண்ணில் புகார் செய்யலாம். ஜெட்ராடிங் இயந்திரம் கொண்டு அடைப்பை எடுப்பது அவர்கள் பொறுப்பு. மழைநீர் வடிகாலில் பிரச்சினை என்றால் மாநகராட்சியின் 1913. தெருப் பெயர், மேன்ஹோல் இருக்கும் வீட்டு வாசல், எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் திரும்புகிறது என்ற விவரங்களைச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மழை வெள்ளத்தில் தண்ணீர் வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடாதீர்கள். தண்ணீருக்குள் குழி இருப்பது நடந்து வருபவருக்குத் தெரியாது.

நம் சிங்க்கிலிருந்து போகும் எண்ணெய் எங்கே சேர்கிறது?

2017-ல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளம், 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். வீடுகளும் ஓட்டல்களும் ஊற்றிய எண்ணெய், துடைத்தெறிந்த ஈரத்தாள்களோடு சேர்ந்து இறுகியது அது. உடைத்தெடுக்கப் பல வாரங்கள் ஆயின. அதன் ஒரு துண்டை அங்கே அருங்காட்சியகத்திலேயே வைத்தார்கள்.

நம் ஊரிலும் சாக்கடை என்பது போட்டால் போய்விடும் இடம் அல்ல. கொடுங்கையூரில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை மேலும் தூய்மைப்படுத்தி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி, எண்ணூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019-ல் தொடங்கியது. அவ்வளவு நல்ல தண்ணீர் தொழிற்சாலைக்கு மிச்சமாகிறது என்று அர்த்தம். அந்தக் குழாய்களில் எண்ணெய் குறைவாக வந்தால், அடைப்பும் குறையும், அதை எடுக்கும் தொழிலாளிக்கு ஆபத்தும் குறையும்.

தீபாவளி நேரத்தில் இது இன்னும் முக்கியம். முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய் சட்டி சட்டியாகக் கழுவப்படும் அதே வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேம்பர்களை நிரப்புகிறது.

மறுபடி அடைக்காமல் இருக்க

எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவும் முன் பழைய பேப்பரால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். பொரித்து மீந்த எண்ணெயை ஆறவிட்டு, மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வையுங்கள். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்ற வழிசெய்யும் ‘ரூகோ’ திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கியது. டிபன் கடை, மெஸ் நடத்துபவர்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு அதில் சேரலாம்.

சிங்க் ஓட்டையில் போடும் சல்லடை வட்டு சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. டீத்தூள், சோறு, செதில் எல்லாம் அதில் நின்றுவிடும். மீன் கழுவிய தண்ணீரை வடிகட்டிய பிறகே சிங்க்கில் விடுங்கள். வடிகஞ்சியைக் கெட்டியாக ஊற்றாமல் நிறையத் தண்ணீரோடு விடுங்கள். ஆறிய கஞ்சித் தண்ணீர் செடிக்கும் ஆகும். பாத்திரம் தேய்த்து முடித்ததும் அரை பக்கெட் தண்ணீரைச் சிங்க்கில் ஒரே மூச்சில் ஊற்றுவதும் நல்லது. குழாய் நிறையப் பாயும் தண்ணீர் கசடை இழுத்துப் போகும், சன்னமாக ஒழுகும் தண்ணீர் அதைப் படியத்தான் வைக்கும்.

மாதம் ஒரு முறை வேஸ்ட் பைப்பைக் கழற்றிக் கழுவப் பத்து நிமிடம் ஆகும். மழை தொடங்கும் முன், செப்டம்பர் மாதத்திலேயே வாசல் கல்லி டிராப்பையும் ஒருமுறை வாரிவிடுங்கள். வெளியூர் போய் ஓரிரு வாரம் கழித்துத் திரும்பும்போது சிங்க்கில் நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம். டிராப்பில் இருந்த தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். இதையெல்லாம் செய்தும் வாரத்துக்கு ஒரு முறை அடைத்தால், சுவருக்குள் இருக்கும் குழாயின் சரிவு சரியில்லை என்று பொருள். மீட்டருக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். அப்போதுதான் பிளம்பரைக் கூப்பிட வேண்டிய நேரம். “குத்தி விடுங்க” என்று சொல்லாமல், “சரிவு சரியா இருக்கான்னு பாருங்க” என்று கேளுங்கள்.